மலையில்லாத ஊரில் ரோலர் கோஸ்டர்: கோலிக்குண்டை வைத்து ஆற்றல் கணக்குப் பார்ப்பது எப்படி?

பெரும்பாலான ரோலர் கோஸ்டர் ரயில்களில் என்ஜின் கிடையாது. தொடக்கத்தில் ஒரு சங்கிலி பெட்டிகளை மேட்டின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விடும். மோட்டாரின் வேலை அதோடு முடிந்தது. அப்புறம் வரும் இறக்கம், ஏற்றம், தலைகீழ் வளையம், கடைசித் திருப்பம் எல்லாமே அந்த முதல் மேட்டின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதுதான். தலைமடையில் மட்டம் நின்றால்தான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும் என்று டெல்டாக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது புரிந்தால் ரோலர் கோஸ்டரில் பாதி புரிந்த மாதிரி.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுக்கப் போகும் அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை கட்டிவிடலாம். கணக்குப் பகுதிக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடம் தெரிந்திருந்தால் நல்லது. கண்காட்சிகளில் வழக்கமாக என்ன நடக்கிறது? குண்டு ஓடும், வளையத்தைச் சுற்றும், கை தட்டுவார்கள், அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். ஓடினால் மட்டும் போதாது என்பது என் கட்சி. எந்த இடத்தில் எவ்வளவு உயரம் மிச்சமிருந்தது, எவ்வளவு வேகமாக மாறியது, எவ்வளவு காணாமல் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால்தான் அது மாடல். இல்லையென்றால் விளையாட்டுச் சாமான்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்த் திருவிழாத் திடலில் சின்னக் குழந்தைகளுக்காக ஓடும் டிராகன் ரயில் ரோலர் கோஸ்டர் கணக்கில் சேராது. அதில் மோட்டார் சுற்று முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் நின்றுவிடும். அதே திடலில் ஆடும் கொலம்பஸ் கப்பல்தான் நம் விஷயத்துக்கு நெருங்கிய சொந்தம். உச்சியில் ஒரு கணம் நின்று, அடியில் வரும்போது மிக வேகமாகப் போய், மறுபக்கம் ஏறும்போது வேகம் குறைந்து மறுபடி நிற்கும். உயரம் வேகமாகவும் வேகம் உயரமாகவும் மாறி மாறி வருவதை அரை நிமிடம் கரையில் நின்று பார்த்தாலே தெரியும். மோட்டார் அடியில் நின்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்துபோனதை மட்டும் ஈடுகட்டித் தள்ளிவிடுகிறது.

வாங்க வேண்டியவை

தண்டவாளத்துக்கு ஏசி வேலை செய்பவர்கள் செம்புக் குழாய்க்கு மேல் மாட்டும் கறுப்பு நுரைக் குழாய். ஏசி உதிரிபாகக் கடையில் ‘இன்சுலேஷன் பைப்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆறடி நீளக் குழாய் இரண்டு போதும். உள்விட்டம் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். நீளவாக்கில் பிளந்தால் இரண்டிரண்டு பள்ளமாக நாலு துண்டு கிடைக்கும். பிளக்கும் வேலையைப் பெரியவர் யாராவது செய்யட்டும், பேப்பர் கட்டர் வழுக்கினால் விரல் போய்விடும். பிளாஸ்டிக் வயரிங் பைப் வளையாது, தோட்டத்து ஹோஸை வெட்டினால் சுருண்டுகொள்ளும். நுரைக் குழாய்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஓட்டுவதற்குக் கண்ணாடிக் கோலிக்குண்டு. அதே அளவில் ஒரு இரும்புக் குண்டு கிடைத்தால், பேரிங் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரு சோதனைக்கு வேண்டும். மாஸ்கிங் டேப், அளவு டேப், நல்ல சிவப்பு நூல் கண்டு, ஒரு பாக்கெட் கல்மாவு. கோலத்துக்குப் போடும் பச்சரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்து சேரும். தாங்கி நிற்க நாற்காலி, அட்டைப்பெட்டி, ஒரு மேசை.

இன்னும் ஒரு சாமான் உண்டு; அதை யாரும் நினைப்பதில்லை. கொத்தனாரின் தண்ணி டியூப். வீடு கட்டும் இடத்தில் இரண்டு தூணில் ஒரே மட்டத்தைக் குறிக்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான டியூபைப் பிடிப்பார்களே, அதுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தெருவில் எங்காவது கட்டட வேலை நடந்தால் சாயங்காலம் இரவல் கேளுங்கள். கொடுக்கும்போதே கொத்தனார் சொல்லிவிடுவார்: “தம்பி, டியூப்புக்குள்ள காத்துக் குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும், பாத்துப் புடி.” அவர் சொல்வது சரி. நடுவில் குமிழி மாட்டினால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காமல் போகலாம். டியூபை மெல்லத் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கட்டுவது

சுவர் ஓரமாக வேலை செய்யுங்கள். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் குண்டை விடும் இடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து தண்டவாளம் சரிந்து தரைக்கு வந்து, மறுபடி ஏற வேண்டும். இப்போதைக்கு வளையம் எதுவும் வேண்டாம். அகலமான ஒரு பள்ளத்தாக்கு வடிவம் வந்தால் போதும்.

மூட்டு போடுவதில் கவனம் வேண்டும். இரண்டு துண்டை நுனியோடு நுனி சேர்த்து, டேப்பை உள்பக்கம் ஒரு முறை சுருக்கமில்லாமல் ஒட்டி, அப்புறம் வெளிப்பக்கம் சுற்றுங்கள். உள்ளே ஒரு முடி அளவு படி இருந்தாலும் குண்டு அதில் ‘டக்’ என்று இடிக்கும். காதைத் தீட்டிக் கேளுங்கள்: ஒவ்வொரு ‘டக்’கும் ஆற்றல் வெளியே போகும் சத்தம். தண்டவாளம் காற்றில் தொங்கி ஆடினாலும் இதே நஷ்டம்தான், குண்டு தன் ஆற்றலில் ஒரு பங்கைத் தண்டவாளத்தை ஆட்டுவதற்குக் கொடுத்துவிடும். இரண்டு ஜாணுக்கு ஒரு தாங்கல் கொடுங்கள்.

இப்போது டியூபைப் பிடித்து, குண்டை விடும் இடத்தின் மட்டத்தை எதிர்முனைச் சுவரில் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சிவப்பு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். இந்த நூல்தான் மாடலின் முக்கியமான பாகம்.

நூலைத் தாண்டாத குண்டு

குண்டைத் தள்ளாமல், கையை மட்டும் எடுத்து விடுங்கள். இறங்கும், அடியில் விரையும், மறுபக்கம் ஏறும், ஒரு கணம் நிற்கும், திரும்பும். அது நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எத்தனை முறை விட்டாலும் அந்தக் கோடு நூலுக்குக் கீழேதான் இருக்கும். மறுபக்கச் சரிவைச் செங்குத்தாக வைத்தாலும் சரி, சாய்த்து நீட்டினாலும் சரி, நூலைத் தாண்டாது. சரிவுகளில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலியோ நானூறு வருடத்துக்கு முன்பே பிடித்துக்கொண்ட விஷயம் இது: உராய்வு இல்லையென்றால் குண்டு விட்ட உயரத்துக்கே திரும்ப ஏறும்.

பாடப்புத்தகப் பெயரில் சொன்னால், உச்சியில் இருந்தது நிலை ஆற்றல்: நிறை × 9.8 × உயரம் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). அடியில் அது இயக்க ஆற்றல்: பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம். இரண்டையும் சமமாக எழுதினால் நிறை இரண்டு பக்கத்திலும் அடிபட்டுப்போகும். அதனால்தான் இரும்புக் குண்டு வாங்கச் சொன்னேன். அதே அளவுக் கண்ணாடிக் கோலியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி விட்டுப் பாருங்கள், ஏறும் உயரம் மூன்று மடங்கு ஆகிவிடாது. பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால் அது நுரை அமுங்குவதிலும் உராய்விலும் வருவது. ரயிலில் குண்டான மாமா ஏறினாலும் ஒல்லிப் பிள்ளை ஏறினாலும் இறக்கத்தின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

நூலுக்கும் பென்சில் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, 90 சென்டிமீட்டரில் விட்ட குண்டு 60 வரை ஏறியது, ஓடிய தண்டவாளம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போனது 30 சென்டிமீட்டர், அதாவது மீட்டருக்கு 15. இந்த எண் கையில் இருந்தால் அடுத்த மேட்டை எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லலாம். விட்ட இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி மேடு வேண்டுமா? 45 சென்டிமீட்டர் போயிருக்கும், மிச்சம் 45. மேட்டின் உச்சியைக் குண்டு ஊர்ந்தாவது கடக்க வேண்டுமே, அதனால் 35 வையுங்கள். துல்லியமான விதி என்று இதைச் சொல்ல மாட்டேன், வளைவுகளிலும் வேகமான இடங்களிலும் நஷ்டம் கூடும். ஆனால் கண்மூடித்தனமாக வைத்து வைத்துப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். நிஜ ரோலர் கோஸ்டரில் முதல் மேடே உயரமாகவும் அடுத்தடுத்தவை தணிந்தும் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

கல்மாவில் விழும் வேகம்

வேகத்தை அளக்க ஸ்பீடோமீட்டர் தேவையில்லை. தண்டவாளத்தை இப்போது மேசைக்கு மாற்றுங்கள். மேசை மட்டத்திலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, மேசை விளிம்பில் முடியட்டும். கடைசி ஒரு ஜாண் தண்டவாளம் அச்சு அசலாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். குண்டு விளிம்பைத் தாண்டிப் பறந்து தரையில் விழும். விழும் இடத்தில் கல்மாவை மெல்லிசாகத் தூவி வைத்தால் சின்னப் பள்ளம் பதியும்.

மேசை உயரம் 75 சென்டிமீட்டர் என்றால் குண்டு தரைக்கு வர 0.39 விநாடி ஆகும். எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அதே 0.39தான், பக்கவாட்டு வேகம் விழும் நேரத்தை மாற்றாது. மேசை விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு கட்டி, அதன் நுனிக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பள்ளம் வரை அளங்கள். மீட்டரில் வந்த தூரத்தை 0.39ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஒரே உயரத்திலிருந்து பல தடவை விட்டு, பள்ளங்களின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு ரகசியம் உண்டு. 80 சென்டிமீட்டர் இறக்கத்துக்கு நேரடிச் சூத்திரம் போட்டால் விநாடிக்கு 3.96 மீட்டர் வரும். உங்கள் குண்டு அந்தப் பக்கமே போகாது. எல்லாம் உராய்வு என்று நினைத்துவிடாதீர்கள். குண்டு சறுக்கவில்லை, உருள்கிறது. முன்னே போகவும் ஆற்றல் வேண்டும், தன்னைத்தானே சுற்றவும் ஆற்றல் வேண்டும். திடமான குண்டு உருளும்போது மொத்தத்தில் ஏழில் ஐந்து பங்கு முன்னேறவும் ஏழில் இரண்டு பங்கு சுழலவும் போகும். அதைக் கழித்தால் வேகம் 3.35 மீட்டர்தான். நினைவில் வைக்க எளிய வழி: உருளும் குண்டுக்கு வேகத்தின் வர்க்கம் = 14 × உயரம் (உயரத்தை மீட்டரில் போடுங்கள்).

ஆக, குண்டு 1.3 மீட்டர் தள்ளி விழுந்தால் உராய்வே இல்லை என்று அர்த்தம். நடப்பில் அவ்வளவு தூரம் வராது. 1.1 மீட்டரில் விழுந்ததாக வைத்துக்கொண்டால் வேகம் 2.82. அதன் வர்க்கத்தை 14ஆல் வகுத்தால் 0.57 மீட்டர். கொடுத்தது 80 சென்டிமீட்டர், கையில் வந்து சேர்ந்தது 57, தண்டவாளம் தின்றது 23. நோட்டில் இந்த மூன்று எண்ணையும் எழுதுங்கள். தின்ற 23 எங்கே போனது என்று நடுவர் கேட்பார்: நுரை அமுங்கி நிமிர்ந்ததில், மூட்டில் கேட்ட சத்தத்தில், கடைசியில் எல்லாமே ஒரு துளி வெப்பமாக. அழியவில்லை, ஆனால் திரும்ப வாங்கி மேடு ஏற முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

நிஜ ரயிலில் சக்கரங்கள் மட்டும்தான் சுற்றுகின்றன. மொத்த நிறையில் அவை சின்னப் பங்கு என்பதால் இந்தச் சுழற்சிக் கழிவு அங்கே பெரிதாகத் தெரியாது.

வளையம்

எல்லாரும் காத்திருக்கும் இடம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தண்டவாளம் வேண்டும். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரு பக்கம் லேசாக விலக்கி, இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டி வைத்து டேப் போடுங்கள். வளையம் அசைந்தால் குண்டு சுற்றாது.

முதலில் 70 சென்டிமீட்டரில் விட்டுச் சுற்ற வையுங்கள். அப்புறம் இரண்டிரண்டு சென்டிமீட்டராக இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் உயரத்தில் குண்டு சுற்றாமல் விழும். விழுவதை போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள், அங்கேதான் பாடம் இருக்கிறது. உச்சிக்குப் போய் நின்று, அங்கிருந்து நேராகக் கீழே விழும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். வீடியோவில் அப்படி இருக்காது. உச்சியை அடையும் முன்பே, ஏறுகிற வழியில் தண்டவாளத்தை விட்டு விலகி, எறிந்த கல் மாதிரி வளைந்து வந்து உள்ளே விழும். அப்போதும் அதற்கு வேகம் இருக்கிறது; வளையத்தை ஒட்டிப் போகும் அளவுக்குத்தான் இல்லை.

காரணம் இது. வட்டத்தில் போகும் எதையும் மையத்தை நோக்கி ஏதாவது ஒன்று இழுக்கவோ தள்ளவோ வேண்டும். வளையத்தின் உச்சியில் அந்த வேலையைப் புவியீர்ப்பும் தண்டவாளமும் சேர்ந்து செய்கின்றன. வேகம் குறையக் குறையத் தண்டவாளத்தின் பங்கு குறைந்து, ஒரு வேகத்தில் பூஜ்யமாகிவிடும். புவியீர்ப்பு ஒன்றே போதும் என்ற நிலை. அந்த வேகத்தின் வர்க்கம் 9.8 × ஆரம். அதற்கும் கீழே போனால் புவியீர்ப்பு தேவைக்கு மேல் இழுக்கும், குண்டு வளையத்தைவிட அதிகமாக வளைந்து விழும். ஆற்றல் கணக்கோடு இதைச் சேர்த்தால், உராய்வில்லாத உருளும் குண்டுக்கு வளையத்தின் அடியிலிருந்து குறைந்தது ஆரத்தைப் போல் 2.7 மடங்கு உயரம் வேண்டும் என்று வரும். 25 சென்டிமீட்டர் வளையத்துக்கு 34 சென்டிமீட்டர். உங்கள் குண்டு 50இல் சுற்றி 48இல் விழுந்தால், வித்தியாசம் மறுபடியும் தண்டவாளம் தின்ற உயரம்தான்.

“மையவிலக்கு விசை குண்டை மேலே பிடித்துக்கொள்கிறது” என்று சொல்லிவிடாதீர்கள். கண்காட்சியில் பாதிப் பேர் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். வெளியே நின்று பார்க்கும் நமக்கு, குண்டை வெளிப்பக்கம் தள்ளும் விசை எதுவுமே இல்லை. மேலே சொன்ன இரண்டும் உள்பக்கம்தான்.

நிஜ வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் தலைகீழ் நீர்த்துளி மாதிரி இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முழு வட்டமாக வைத்தால், உச்சியைத் தட்டுத்தடுமாறிக் கடக்கும் வேகத்தில் வந்தால்கூட வளையத்தின் அடியில் உட்கார்ந்திருப்பவர் மேல் எடையைப் போல் ஆறு மடங்கு அழுத்தம் விழும். 50 கிலோ ஆளுக்கு 300 கிலோ. அமெரிக்காவில் கோனி தீவில் 1895இல் முழு வட்ட வளையம் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்துதான் வலித்தது. அடியில் ஆரம் பெரிதாகவும் உச்சியில் சிறிதாகவும் வைத்தால் இந்த அழுத்தம் தாங்கும் அளவுக்கு வரும். கலிபோர்னியாவில் 1976இல் அந்த வடிவத்தில் வளையம் வைத்த ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் வளையங்கள் ஊர் ஊராகப் பரவின. உங்கள் நுரைக் குழாயிலும் அடியை அகட்டி, உச்சியைக் குறுக்கி ஒரு தடவை கட்டிப் பாருங்கள். உயரத்தை மாற்றாமல் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

நிஜ ரயிலுக்குப் போனால்

30 மீட்டர் மேடு, ஆட்களோடு சேர்த்து 5 டன் ரயில் என்று வைத்துக்கொள்வோம். உச்சிக்கு ஏற்ற வேண்டிய ஆற்றல் 14.7 லட்சம் ஜூல். பெரிய எண்ணாகத் தெரியும். கரண்ட் கணக்கில் மாற்றினால் அரை யூனிட் கூட இல்லை, 0.41 யூனிட். வயலில் ஓடும் 5 ஹெச்.பி. பம்புசெட் மோட்டார் ஏழு நிமிடத்துக்குள் செய்துவிடும் வேலை அது, நஷ்டங்களைக் கணக்கில் எடுக்காவிட்டால். பிறகு ஏன் அங்கே பெரிய மோட்டார்? அவசரம்தான் காரணம். அரை நிமிடத்தில் ஏற்ற வேண்டுமென்றால் 65 ஹெச்.பி.க்கு மேல் தேவை. ஆற்றல் வேறு, திறன் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த 30 மீட்டரும் வேகமானால் மணிக்கு 87 கிலோமீட்டர். உயரத்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அந்த உயரத்திலிருந்து சறுக்கினால் மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டி வரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005 முதல் ஓடிய கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டர் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், 456 அடி. சங்கிலிக்குப் பதில் ஹைட்ராலிக் விசையால் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் எய்துவிடுவார்கள். நம் சூத்திரத்தில் போட்டால் அந்த வேகம் 167 மீட்டர் ஏறப் போதும். மேடு 139 மீட்டர்தான். மிச்சம் 28 மீட்டர் காற்றுக்கும் உராய்வுக்கும் உச்சியைக் கடக்கும் சின்ன வேகத்துக்கும். சில சமயம் அதுவும் போதாமல் ரயில் உச்சியைத் தொட்டும் தொடாமலும் பின்னோக்கி இறங்கிவிடும். அதற்காகவே பிரேக் வைத்திருந்தார்கள். 2025இல் அதை இடித்துவிட்டார்கள்.

சென்னைப் பக்கமோ பெங்களூருப் பக்கமோ சுற்றுலா போகும்போது ஏறினால் சில இடங்களைக் கவனியுங்கள். சங்கிலியில் ஏறும்போது கேட்கும் ‘டக் டக் டக்’, சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் போகாமல் பல்லில் மாட்டும் கொக்கியின் சத்தம். முதல் பெட்டியில் உட்கார்ந்தால் உச்சியைத் தாண்டியும் ஒரு கணம் தொங்கிக்கொண்டே இருப்பீர்கள், பின் பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன் பெட்டிகள் எல்லாம் சரிவில் இருக்கும்; அதனால் வேகமாக இழுத்துக்கொண்டு போய் இருக்கையிலிருந்து தூக்கும். அந்தத் தூக்கல் வேண்டுமானால் பின்னால் உட்காருங்கள், வேடிக்கை பார்க்க வேண்டுமானால் முன்னால். நடு மேடுகளில் வயிறு காலியானது போல் இருக்கும் இடம்தான் எடையின்மைக்குப் பக்கத்தில் போகும் இடம். பத்தாம் வகுப்பில் லிஃப்டை வைத்துப் படித்த தோற்ற எடையேதான். அங்கே பெட்டி தண்டவாளத்தை விட்டுக் கிளம்பாமல் இருக்க மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று சோடிச் சக்கரங்கள் கவ்விக்கொண்டிருக்கும். அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919இல் காப்புரிமை வாங்கினார். போனைக் கீழேயே கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

நிறுத்துவது

மாடலில் முடிவிடத்தைப் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள், குண்டு உருண்டு மேசைக்கடியில் போய்விடும். கடைசியில் ஒரு துணி மடிப்பு வையுங்கள். மிச்சமிருக்கும் இயக்க ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும்.

திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 1.5 லட்சம் ஜூல். நாம் பார்த்த 5 டன் ரயில் மேட்டின் அடியில் வைத்திருப்பது அதைப் போல் பத்து மடங்கு. எடை அறுபதில் ஒரு பங்குதான், ஆனால் வேகம் 24 மடங்கு, அதன் வர்க்கம் அல்லவா கணக்கில் வருகிறது! தேருக்கு முட்டுக்கட்டையும், திருச்சி பெல் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. ரோலர் கோஸ்டரில் இப்போது பெரும்பாலும் காந்த பிரேக். பெட்டியின் அடியில் இருக்கும் உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவே நுழையும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் பிறந்து அசைவை எதிர்க்கும். தொடாமலே பிடிக்கும், கரண்ட் போனாலும் பிடிக்கும். வேகம் குறையக் குறையப் பிடியும் குறையும் என்பதால், கடைசியாக நிறுத்திவைக்க வேறு பிரேக் வேண்டும்.

இதையும் மேசையில் காட்டலாம். நுரைக் குழாய் வாங்கிய இடத்திலேயே ஒரு முழம் செம்புக் குழாய்த் துண்டு கேளுங்கள். அதற்குள் லேசாக இடம்விட்டு நுழையும் நியோடிமியம் காந்தத்தைப் போட்டால், சாவகாசமாக இறங்கி வரும். அதே அளவு சாதாரண இரும்புத் துண்டைப் போட்டுக் காட்டுங்கள், சட்டென்று விழுந்துவிடும்.

கண்காட்சி அன்று

முந்தின நாளே முழுதாக ஒட்டிக் கொண்டுபோக நினைக்காதீர்கள், வேனில் நசுங்கும். துண்டு துண்டாக எண் போட்டு எடுத்துப் போய் அங்கே கட்டுங்கள். வெயில் படும் ஷாமியானா ஓரத்தில் இடம் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். டேப்பின் பசை இளகி வளையம் சரியும், நேற்று வந்த எண் இன்று வராது. மின்விசிறிக்கு நேர் கீழே கல்மாவைத் தூவ வேண்டாம்.

சிவப்பு நூலையும் நோட்டையும் முன்பக்கம் வையுங்கள். வருபவரிடம் முதலில் குண்டை விடாதீர்கள். “இந்த மேட்டைத் தாண்டுமா, தாண்டாதா?” என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் விடுங்கள். யாராவது குண்டைக் கையால் தள்ளிவிட்டு, “இப்போ நூலைத் தாண்டிடுச்சே” என்று மடக்குவார்கள். தாண்டும்தான். அவர் கை கொடுத்த ஆற்றலையும் வரவில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை சென்டிமீட்டருக்குச் சமம் என்று நூலுக்கு மேலே அளந்து காட்டுங்கள்.